ஏழையின் அடுப்பையும் விளக்கையும் எண்ணிய குமரப்பா

நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்ற சான்றோர் பலரைப் பற்றி நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். உப்புக் காய்ச்சியவர்கள், கொடி பிடித்தவர்கள், அந்நியத் துணியைக் கொளுத்தியவர்கள் என அவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஓர் ஏழைத் தாயின் சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்த்து, அங்கே அடுப்பு எவ்வளவு விறகைத் தின்கிறது, மாடத்து விளக்கு எந்த ஊர் எண்ணெயைக் குடிக்கிறது என்று கணக்கெழுதிய ஒருவரைப் பற்றி, உண்மையைச் சொன்னால், இவ்வாண்டு வரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

அவரை நாங்கள் அறிந்துகொண்ட விதமே வேடிக்கையானது. எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, மின்சாரத்தையும் எரிபொருளையும் சிக்கனமாகச் செலவிடும் வீட்டுச் சாதனங்கள் என்பது. நாங்கள் சும்மா இருப்போமா? செம்பட்டியிலும் திண்டுக்கல்லிலும் கடை கடையாக ஏறி விளம்பரத் தாள்களைச் சேகரித்தோம். ஐந்து நட்சத்திரக் குளிர்சாதனப் பெட்டி, எல்.இ.டி. பல்பு, குறைந்த மின்சாரத்தில் சுழலும் மின்விசிறி என்று வண்ணப் படங்களாக வெட்டி அட்டையில் ஒட்டி, பெருமையோடு எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் காட்டினோம். அவர் அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மின்சாரக் கம்பியே வராத வீட்டுக்கு இவற்றில் எது உதவும் என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது அவர் சொன்ன பெயர்தான் குமரப்பா. பிறகு நூலகத்தில் எங்களுக்குக் கிடைத்தவற்றைப் படித்தும், பெரியோர்களைக் கேட்டும் அறிந்ததையே இங்கு எழுதுகிறோம்.

1892 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய எஸ். டி. கார்னீலியஸ், தாயார் எஸ்தர் ராஜநாயகம் அம்மையார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். குமரப்பா என்பது முன்னோர் வழிவந்த குடும்பப் பெயர். பின்னாளில்தான் அதை அவர் விரும்பி ஏற்றுக்கொண்டார். சென்னையில் படித்து, 1912 இல் லண்டனுக்குக் கப்பலேறி, அங்கே பட்டயக் கணக்காயர் ஆனார். நம் ஊரில் ஆடிட்டர் என்று சொல்வோமே, அந்தப் படிப்பு. 1919 இல் தாய்நாடு திரும்பிப் பம்பாயில் அதே தொழிலை நடத்தினார். நல்ல வருமானம், மேனாட்டு உடை, மேனாட்டுப் பழக்கம். 1927 இல் அமெரிக்கா சென்று சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும், பின்பு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடத்திலும் பயின்றார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கிலிருந்தே ஆராய அங்கே முனைந்தார். கணக்கைப் பார்க்கப் பார்க்க அவர் மனம் கலங்கியது. ஏழைகளிடம் வரியாக வாங்கிய பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது ஓர் ஆடிட்டருக்குத் தெரியாமல் போகுமா?

அந்த ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்டவே 1929 ஆம் ஆண்டு மே மாதம் 9 ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். கோட்டும் கால்சட்டையுமாகப் போனவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ஒரு முதியவர் உட்கார்ந்து நூல் நூற்பதைக் கண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாராம். அம்முதியவரே காந்தியடிகள் என்று தெரிந்ததும், கால்சட்டை கசங்குமே என்று பாராமல் அந்தத் தரையிலேயே அவர் எதிரில் அமர்ந்துவிட்டார். அன்று தரையில் அமர்ந்தவர் பிறகு நாற்காலி வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. கதருக்கு மாறினார், குஜராத்தில் மாத்தர் தாலுகாக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று வரவு செலவு கேட்டு எழுதினார், உப்புச் சத்தியாக்கிரக நாட்களில் யங் இந்தியா பத்திரிகையின் பொறுப்பை ஏற்றார், சிறைக்கும் போனார்.

அவருடைய கணக்குக் கண்டிப்பைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1934 இல் பீகாரில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. பாபு ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணிக்குக் குமரப்பாவே நிதிக் கண்காணிப்பாளர். தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உணவுச் செலவு மூன்று அணா என்று வரம்பு கட்டியிருந்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களுடைய பால், பழச் செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று அவரிடமே சொல்லிவிட்டார். காந்தியடிகள் கோபிக்கவில்லை, அது சரியே என்று ஏற்றுக்கொண்டார். எங்கள் வகுப்பில் தீனிப் பணம் வசூலிக்கும் தோழிக்கு இப்போது குமரப்பா என்றே பெயர் வைத்துவிட்டோம்.

அதே 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. வார்தா நகரில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டத்தில் அதன் தலைமையகம் அமைந்தது. காந்தியடிகளின் உறவினரும் சிறந்த தொண்டருமான மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடத்துக்கு மகன்வாடி என்று பெயர். (இதை முதலில் படித்தபோது யாருடைய மகன் என்று நாங்கள் தேடியது வேறு கதை.) சங்கத்தின் செயலாளர் குமரப்பா. கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம் எனப் பல தொழில்களை அங்கே சோதித்துத் திருத்தினார்கள். மரச்செக்கை ஜவேர்பாய் படேல் என்பவர் திருத்தி அமைத்தார். அது மகன் கானி எனப்பட்டது. அந்தச் செக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மகன் தீபம் என்ற விளக்கு. மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும்படி செய்யப்பட்டது அது.

எதற்காக இந்த வேலை? அந்நாளில் மண்ணெண்ணெய் வியாபாரம் பெரும்பாலும் அந்நியக் கம்பெனிகளின் கையில் இருந்தது. தகர டின்களில் வந்து இறங்கிக் குக்கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் அது புகுந்துவிட்டது. அதற்கு முன்பு நம் வீடுகளில் எரிந்தவை வேம்பு, புங்கம், இலுப்பை, ஆமணக்கு ஆகியவற்றின் எண்ணெய்கள். விதை பொறுக்கியவருக்குக் கூலி, செக்காட்டியவருக்குக் கூலி, செக்கு மாட்டுக்குத் தீனி, புண்ணாக்கு வயலுக்கு உரம். மண்ணெண்ணெய் வாங்கக் கொடுத்த காசோ ஊர் எல்லையைத் தாண்டினால் தாண்டியதுதான். ஆகவே, விளக்கு ஒன்றை வாங்கும்போது அதன் விலையோடு, அது நாள்தோறும் எதைக் குடிக்கும், அந்தக் காசு யாரிடம் போய்ச் சேரும் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே குமரப்பாவின் கணக்கு. 1942 இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. மண்ணெண்ணெய்க்குப் பங்கீடு வந்தது. கிராமங்கள் இருளில் தவித்தன. அவர் கணக்குச் சரிதான் என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

ஆனாலும் அது எளிய வேலையன்று. எப்படித் தெரியும் என்றால், நாங்களே செய்து பார்த்தோம்! எங்களில் ஒருத்தியின் வீட்டுப் பரணிலிருந்து தாத்தா காலத்து அரிக்கேன் விளக்கு ஒன்றை இறக்கித் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டிய இடத்தில் கடலெண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றினோம். சற்று நேரம் எரிந்தது. பிறகு சுடர் சுருங்கி, திரி கருகி, புகை கக்கி அணைந்தது. எண்ணெயைக் கழுத்து வரை நிரப்பியபோது கூடுதலாகச் சிறிது நேரம் நின்று எரிந்தது. கண்ணாடிதான் கரிச்சட்டி ஆகிவிட்டது. ஆசிரியை விளக்கினார். மண்ணெண்ணெய் இளகலானது, நுண்புழை ஏற்றத்தால் நீண்ட திரியிலும் கடகடவென்று மேலேறிவிடும். தாவர எண்ணெய் பாகு போன்றது. அவ்வளவு உயரம் ஏற அதனால் முடியாது. அதனால்தான் நம் அகல் விளக்கில் எண்ணெய் சுடருக்கு அடியிலேயே நிற்கிறது. இத்தனை காலம் கார்த்திகைக்கும் கல்லறைத் திருநாளுக்கும் விளக்கு ஏற்றுவதைப் பார்த்திருந்தும் அகல் ஏன் அவ்வளவு ஆழமில்லாமல் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காற்றில் அணையாமல், புகையாமல், படிக்கத்தக்க வெளிச்சம் தரும்படி தாவர எண்ணெயை எரிக்க வேண்டுமானால் எவ்வளவு முயற்சி வேண்டும் என்பதை அந்தக் கரிக் கண்ணாடியைத் துலக்கிய எங்கள் கைகள் அறியும்.

1942 போராட்டத்தை ஒட்டி மீண்டும் சிறை சென்ற குமரப்பா 1945 வரை உள்ளே இருந்தார். அங்கேதான் இரண்டு நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். ஒன்று இயேசு பெருமானின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியது. இரண்டும் 1945 இல் வெளிவந்தன. அவற்றைப் படித்த காந்தியடிகள் கிராமத் தொழில் டாக்டர் என்ற பட்டத்தைத் தாமே அவருக்குச் சூட்டி மகிழ்ந்தார்.

இரண்டாவது நூலில் அவர் சொல்லும் கருத்து எங்களைப் போன்றோருக்கும் விளங்கக்கூடியதே. உலகத்துப் பொருள்கள் இரண்டு வகை. நிலக்கரியும் எண்ணெயும் உலோகமும் குதிரில் கொட்டிய நெல் போன்றவை; அள்ள அள்ளக் குறையும், மறுபடி நிறையாது. மரமும் பயிரும் ஆறும் மாடும் வயல் போன்றவை. அளவறிந்து எடுத்தால் ஆண்டுதோறும் தரும். குதிரை நம்பி வாழ்பவர்கள் கடைசியில் அடுத்தவன் குதிருக்குச் சண்டை போடுவார்கள். எண்ணெய்க்காக நாடுகள் மோதுவதற்கு அதுவே காரணம் என்று அவர் கருதினார். குதிர் என்றும் வயல் என்றும் நாங்கள் சொல்வது எங்கள் உவமை. கருத்து அவருடையது. எரிபொருளைப் பற்றி உலகம் முழுவதும் இன்று கவலைப்படுவதை அவர் 80 ஆண்டுகளுக்கு முன்பே சிறைக்குள் இருந்து எழுதியிருக்கிறார்.

மகன்வாடியிலிருந்து வந்த இன்னொரு சாதனம் 1947 இல் அமைத்த மகன் அடுப்பு. மண்ணால் ஆன புகைபோக்கி அடுப்பு. மூன்று கல் அடுப்பில் விறகு தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் பானைக்குப் போகிறது. மற்றது காற்றோடும் புகையோடும் வீணாகிறது. புகைபோக்கி அடுப்பில் நெருப்பு மூடிய வழியாக ஓடி, முதற் பானையைச் சுட்டுவிட்டு, மிஞ்சிய சூட்டை இரண்டாவது பானைக்கும் கொடுத்துவிட்டுப் புகையாகக் கூரைக்கு மேலே போய்விடுகிறது. விறகும் மிச்சம், கண்ணும் மிச்சம். 1953 இல் ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியலாளர் இதே நோக்கத்தோடு ஓர் அடுப்பை அமைத்து, இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்று நூலும் வெளியிட்டார். 1983 இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புக்கென்று தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அதன் வாயிலாக வீடுகளுக்குப் போயின.

போயின என்பது சரி. தங்கினவா என்று கேட்டால் எங்களால் ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்ல முடியும். எங்கள் தோழி ஒருத்தியின் அப்பத்தா செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். வெகு காலத்துக்கு முன் யாரோ வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போன புகைபோக்கி அடுப்பு ஒன்று அந்த வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. அதில் இப்போது கோழி முட்டையிடுகிறது. அப்பத்தாவின் சோற்றுப்பானைக்கு அதன் வாய் சிறியது. குழாயில் கரி அடைத்தபோது எப்படி எடுப்பது என்று சொல்லித் தர யாரும் திரும்பி வரவில்லை. ஐப்பசி மழையில் குழாய் வழியே தண்ணீர் இறங்கி அடுப்பே ஊறிப்போயிற்று. இவ்வளவையும் அப்பத்தா சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது காஸ் இருக்கிறது; டீக்கும் குழம்புக்கும் அது. சோறு மட்டும் இன்றும் விறகில்தான், காஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று. பேசும்போதே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகையால் அன்று, புகையால். ஐம்பது ஆண்டுப் புகை.

இதைக் கேட்டபின் நாங்கள் குமரப்பாவை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினோம். மகன் தீபமும் மண்ணெண்ணெய் விளக்கிடம் தோற்றது. இதை மறைப்பதில் பயனில்லை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சம் மிகுந்தது, மலிவு, எந்தக் கடையிலும் கிடைத்தது. நல்ல பொருள் என்பதனால் மட்டும் ஒன்று வீட்டுக்குள் வந்துவிடாது. கையில் இருக்கும் காசுக்கு அகப்பட வேண்டும். பழுதானால் பக்கத்திலேயே சரிசெய்ய ஆள் வேண்டும். அதைக் கையாளும் பெண்ணின் பானைக்கு அது பொருந்த வேண்டும். எல்.இ.டி. பல்பின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 60 வாட் பழைய பல்பின் வெளிச்சத்தை 9 வாட்டில் தரும் அந்தப் பல்பை 2014 இல் அரசு நிறுவனம் கொள்முதல் செய்தபோது ஒன்றுக்குச் சுமார் 310 ரூபாய் ஆயிற்று. 2015 இல் உஜாலா திட்டம் வந்து கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கத் தொடங்கவே, 2016 இல் அந்த விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதன் பிறகே அது எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கும் வந்து சேர்ந்தது. அதே போல 2006 முதல் குளிர்சாதனப் பெட்டியில் நட்சத்திரச் சீட்டு ஒட்டியதால், எது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை வாங்குமுன்பே அறிய முடிகிறது. குமரப்பா இருந்திருந்தால் அந்தச் சீட்டைப் பாராட்டியிருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது, கணக்கு அல்லவா? ஆனால் அந்த மின்சாரம் நெய்வேலி நிலக்கரியிலிருந்து வருகிறதா, ஆண்டிபட்டிக் காற்றாலையிலிருந்து வருகிறதா என்று சீட்டில் ஏன் எழுதவில்லை என்றும் நிச்சயம் கேட்டிருப்பார்.

விடுதலைக்குப் பின் பதவிகள் பலரைத் தேடிச் சென்றன. குமரப்பா அவற்றை நாடவில்லை. நிலச் சீர்திருத்தம் பற்றி ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1949 இல் அறிக்கை தந்தார். மாட்டை ஒழித்து டிராக்டரைக் கொண்டுவருவோரிடம், டிராக்டர் சாணம் போடுமா என்று வாதிட்டார். இந்தப் பிடிவாதத்தினால் பழைய நண்பர்கள் பலரும் அவரிடமிருந்து விலகினார்கள். முன்கோபமும் அவருக்கு உண்டென்பர். திருமணம் செய்துகொள்ளவில்லை. இரத்த அழுத்த நோய் வருத்தவே, 1950களில் தெற்கே வந்து மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் கோ. வெங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். நம் செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு, உசிலம்பட்டி, பேரையூர் வழியாகப் போனால் கல்லுப்பட்டி. இவ்வளவு அருகில் ஒருவர் வாழ்ந்திருக்கிறார். பக்கத்துக் காந்திகிராமத்துக்குச் சுற்றுலா போய் வந்த நாங்களும் அவர் பெயரைக் கேட்டதில்லை!

அவருடைய அறையில் இரண்டு படங்கள் இருந்தனவாம். ஒன்று காந்தியடிகள். மற்றொன்று, இடுப்பில் துணியோடு நிற்கும் ஓர் ஏழைக் குடியானவன். பார்க்க வந்தவர்களுக்கு முதற்படத்தைக் காட்டித் தம் எஜமானர் என்றும், இரண்டாவதைக் காட்டித் தம் எஜமானரின் எஜமானர் என்றும் அறிமுகம் செய்வாராம். காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30 ஆம் நாளில், 1960 ஆம் ஆண்டு, தமது 68 ஆம் வயதில் குமரப்பா காலமானார்.

கண்காட்சியில் எங்கள் மேசை மீது விளம்பரப் படங்களுக்குப் பக்கத்தில் அந்த அரிக்கேன் விளக்கையும், நாங்களே களிமண்ணில் செய்த புகைபோக்கி அடுப்பு ஒன்றையும் வைத்தோம். நீதிபதிகளாக வந்தவர்கள் விளக்கின் அருகில் அதிக நேரம் நின்றார்கள். மாலையில் தோழியின் அப்பத்தாவும் பேத்தியின் கைவேலையைப் பார்க்க வந்தார். அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து, அதன் வாயில் கையை விட்டுச் சாண் வைத்து அளந்து பார்த்தார். இதில் என் பானை உட்காராது ஆத்தா என்று தலையை ஆட்டிவிட்டு, குழாய்க்கு மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்தால் மழை இறங்காது என்றும் சொன்னார். எங்களில் நான்கு பேர் உடனே களிமண்ணைப் பிசைந்தோம். அப்பத்தா காட்டிய அளவுக்கு அடுப்பின் வாயைப் பெரிதாக்கி முடிக்குமுன் பள்ளி மணி அடித்துவிட்டது. சிஸ்டர் அனுமதி தந்தார்கள். நாங்கள் இருட்டும் வரை இருந்து முடித்தோம்.